மொட்டை உனக்காகப் போட்டதில்லை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
12.3.1989

அன்பு மகள் அருந்ததிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் அந்த லெஸ்டர் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் கோபக் கடிதம் வந்தது. கீழ்வீட்டுப் புஷ்பவள்ளி உனக்கு எழுதினாள் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். உனக்குப் பிள்ளை வரம் கேட்டு நான் தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் மொட்டை போட்டேன், இனிமேல் நல்ல சேதிதான் என்று எழுதினாளாமே. என் வயிற்றைப் பற்றி ஊரெல்லாம் பேச வைத்துவிட்டாயே, நான் உன்னிடம் கேட்டேனா என்று நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அழுதுகொண்டுதான் எழுதியிருக்கிறாய், உன் எழுத்து எனக்குத் தெரியாதா. ஆனால் அது அவளாக நினைத்துக்கொண்டது. மகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம், அம்மா திடீரென்று மொட்டை, வேறு எதற்காக இருக்கும் என்று அவளே முடிவு கட்டி என் தலையைத் தடவி வாழ்த்திவிட்டுப் போனாள். நானும் இல்லை என்று மறுக்கவில்லை. மறுத்தால் பிறகு எதற்காம் என்று கேட்பாள், அவளைத்தான் உனக்குத் தெரியுமே.

எனக்கு மார்பில் புற்றுநோய் மகளே. தீபாவளி கழிந்து ஒரு நாள் குளிக்கும்போது இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டது. டிசம்பரில் ஆபரேஷன் செய்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள், ஜனவரியில் இருந்து கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். நீ நர்ஸ், ஒரு வார்த்தை எழுதினால் மிச்சமெல்லாம் உனக்கே தெரிந்துவிடும், அந்தப் பயத்தில்தான் எழுதவில்லை. அப்பா எழுது எழுது என்று தினமும் சண்டை. நீ அங்கே வார்டில் யாரையோ பெற்ற தாய்க்கு வாந்திக் கிண்ணம் பிடித்துக்கொண்டு நிற்பாய், அப்போது என் நினைப்பு வந்து நீ கலங்கக்கூடாது என்று நான்தான் தடுத்துவிட்டேன்.

முதல் மருந்து ஏறியதும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். செத்தாலும் சரி, இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா பாவம், வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். சோதனைக்கு ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் சலேஹா. ஜாலான் டத்தோ கிராமட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற காஜா மொய்தீனின் மனைவி. என் முகத்தைப் பார்த்ததுமே, அக்கா இது உங்களுக்கு முதல் மருந்தா, ஓடிப்போயிடலாம்னு இருக்கா, எனக்கும் அப்படித்தான் லா இருந்துச்சு என்றாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அதுவரை எல்லாரும் எனக்குத் தைரியம்தான் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்தது எந்த டாக்டரும் சொல்லாதது. ஜாதிக்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் அடங்கும். சாப்பாடு இரும்பு மாதிரி ருசித்தால் சீனன் கடைப் பீங்கான் கரண்டியில் கஞ்சி குடிக்க வேண்டும். ரவிக்கைக்குள் பஞ்சு வைத்தால் மேலே ஏறிவிடும், துணிப்பையில் பச்சைப்பயறு போட்டுத் தைத்துக்கொண்டால் கனம் சரியாக நிற்கும். மழையில் நனைந்தால் முளைத்துவிடாதா என்று கேட்டேன். முளைச்சா சுண்டல் பண்ணிருங்க என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். நோய் வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த மருந்துக்கு நானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. நாலு பேர் கேட்பதற்கு முன் மலைக்குப் போய்விடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கூட்டத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விடியுமுன்னே போய் வந்துவிட்டோம், அப்பாவும் கூடவே மொட்டை போட்டுக்கொண்டார். சந்தனத்தைப் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்றால் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. எப்படியும் கொட்டப்போகிற முடியைத்தான் உனக்குக் கொடுத்தேன், இதற்குப் பதிலாக எதையும் கேட்க எனக்கு முகமில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். உனக்காகவும் கேட்கவில்லை, எனக்காகவும் கேட்கவில்லை. சலேஹாவிடம் சொன்னேன். எங்களுக்கு முக்காடு இருக்கு, உங்களுக்கு முருகன் இருக்காரு, கவலைய விடுங்க அக்கா, புது முடி பச்சப்புள்ள முடி மாதிரி மெத்துனு வரும் என்றாள். அது எப்படி இவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை பார்.

போன மாதக் கடைசியில் அவள் பெஞ்சுக்கு வரவில்லை. காஜா மொய்தீன்தான் வந்தார், கையில் ஜாதிக்காய் பாட்டிலோடு, அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள் என்று. மௌத்தாகிவிட்டாள். அவளுக்கு இது இரண்டாவது சுற்றாம். மூன்று வருஷத்துக்கு முன் குணமாகி, முடியெல்லாம் வளர்ந்து, மறுபடியும் ஈரலில் வந்திருக்கிறது. அதைச் சொன்னால் நான் ஓடிவிடுவேன் என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. அவளிடம் எனக்கு அதில் கோபம்கூட உண்டு. யாரிடம் போய்க் கோபிப்பது.

துக்கம் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜித்தாவில் வேலை பார்க்கும் மகன் ஜபருல்லா வந்திருந்தான், அடக்கம் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தானாம். மகன் கலங்குவான் என்று அவளும் சொல்லாமலே இருந்துவிட்டாள். நான்தான் பெஞ்சில் கூட இருந்தவள் என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உம்மா அங்க என்னம்மா பேசுவாங்க, வலிக்குதுன்னு சொல்வாங்களா, என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெற்ற தாயைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான் மகளே. பச்சைப்பயறு கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டு அப்படியே குலுங்கி அழுதான். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், கிழித்துக் கிழித்து இன்றைக்குத்தான் முடிகிறது.

எனக்கு இன்னும் மருந்து பாக்கி இருக்கிறது. குணமாகலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறார், நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். நீயும் குளிக்கும்போது தடவிப் பார்த்துக்கொள், மறந்துவிடாதே, அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன்னைப் பார்க்காமல் விடுகிற ஆள் நீ. புஷ்பவள்ளிக்குக் கோபமாக எதுவும் எழுதிவிடாதே, நல்ல மனசோடுதான் எழுதினாள். மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் வாழ வேண்டும்.

எல்லாக் கடிதத்திலும் வேலையைப் போட்டுவிட்டு வராதே என்று முடிப்பேன், நினைவிருக்கிறதா. இதில் அப்படி எழுதவில்லை. அம்மா எப்படி இருந்தாள் என்று நீ யாரிடமும் கேட்கக்கூடாது. வந்துவிடு கண்ணு. புது முடி முளைத்தால் முதலில் நீதான் தடவிப் பார்க்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
தவமணி விநாசித்தம்பி