கறுப்பு அபாயாவும் மீன்பெட்டி மூடியும்

வியாழன் இரவு

கை இரண்டும் கடுக்கின்றன. மகளைப் பெண் பார்க்க வருமுன் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள் நுரைச்சோலை மாப்பிள்ளை வீட்டார். சின்ன வயதில் கொதிநீர் பட்ட தழும்பு அவளுடைய இடது கன்னத்தில் இருக்கிறது. மூன்று நாள் வீடியோ பார்த்து வெளிச்சம் படித்த பெரிய படப்பிடிப்பாளன் நான். வலது கன்னம் ஜன்னல் பக்கம் இருக்கும்படி அவளைக் கதிரையில் இருத்தி, மற்றப் பக்கம் மனைவியின் கறுப்பு அபாயா அங்கியை ஒரு கையால் விரித்துப் பிடித்தேன். தழும்பு இருட்டில் மறைந்தது. எனக்கு ஒரே பெருமை.

“வாப்பா, அவங்க வந்து பாக்கிற நேரமும் இதப் புடிச்சிட்டு நிப்பீங்களா?” என்றாள் மகள்.

அபாயாவைக் கீழே போட்டுவிட்டு, மீன்பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகை மூடியைத் தூக்கிப் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, தழும்பின் மேலும் விழுந்தது.

“சூடை மீன் நாத்தம் வாப்பா!” என்று மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து எடுத்தேன்.

“இத அனுப்பவா மகள்?”

“ஓம், இதத்தான் அனுப்புங்க.”

அஸர் தொழுகைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டன, பதில் இல்லை. அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் போனைக் குப்புற வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்கிறேன்.