கைமாறிய இரண்டு மோதிரங்கள்

சிகாகோ,
ஜூன் 27.

அன்புள்ள ஹார்லனுக்கு,

நீயும் உன் அண்ணன் டெல்மரும் கொசுக்கடியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. டெல்மரின் மீன்பிடி விடுதிக்குத் தொலைபேசி எட்டாது, தபால் விமானம்தான் வரும் என்பதால் இவ்வளவையும் எழுத வேண்டியிருக்கிறது. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். நீ கிளம்பியபோது வாசலில் பனி கிடந்தது. இப்போது லைலாக் பூத்து, உதிர்ந்தும் போயிற்று. கீழ்வீட்டுப் பூனை நம் கட்டிலில் உன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு விரட்ட மனமில்லை.

ஸ்டாஷின் பாரில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வழக்கம் போலக் கூட்டம் நெரிகிறது. பீர் ஊற்றி ஊற்றி எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. பீர் ஊற்றும் மேடையின் கோடியில் நீ நின்று வித்தை காட்டும் இடத்தில், உன் பச்சை விரிப்பு அப்படியே கிடக்கிறது. மில்வாக்கியிலிருந்து சீட்டு வித்தைக்காரன் ஒருவன் வந்து அந்த இடத்தைக் கேட்டான். ஸ்டாஷ் அவனிடம், "அது ஆள் இருக்கற எடம்பா. ஆளு கொஞ்சம் கோவிச்சுக்கிட்டு மீன் புடிக்கப் போயிருக்காரு, அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இனி, நீ இந்த வீட்டில் என்னைப் பேசவே விடாத விஷயத்துக்கு வருகிறேன். உன்னால் இப்போது எழுந்து போக முடியாது.

ஜனவரியில் அந்த இரவு நடந்ததை நான் பீர் குழாய்களுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று பேரிடம் மோதிரம் இரவல் வாங்கினாய். ஒன்று நீலக்கல் வைத்த பெண்ணுடையது. மற்ற இரண்டும் ஆண்களுடையவை, கல்லில்லாத அகலத் தங்க வளையங்கள். மூன்றும் உன் விரல் நுனியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சங்கிலியாகத் தொங்கியபோது பாரே மூச்சு விடவில்லை. எப்படிச் செய்கிறாய் என்பதை இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன், பயப்படாதே. பிரித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "உள்பக்கம் பாத்து உங்களோடதுதானான்னு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாய் அல்லவா? அன்று கைதட்டல் அடங்குவதற்குள் ஸ்டாஷ் கடை மூடும் மணியை அடித்துவிட்டான். நீ கேட்கவில்லை. அவர்களும் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

அந்த மூவரில் ஒருவரான ஹால்வர்சன், மார்ச்சில் கையை எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்குப் போனார். நர்ஸ் மோதிரத்தைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். மனைவி இங்காவின் பெயரும் கல்யாணத் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் "கழட்டினது போதும், போட்டுக்கோ" என்று செதுக்கியிருந்தது. பாவம், மனைவியைப் பறிகொடுத்த மனிதர். நேரே பாருக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், "திருட்டுப் பயலே, எம் பொண்டாட்டி போட்ட மோதிரம் எங்கடா?" என்று உன் சட்டையைப் பிடித்தார். அந்த மோதிரத்தை மேடையில் விட்டெறிந்துவிட்டுப் போனார். மறுநாள் நீ பெட்டியைக் கட்டினாய். இனி யார் விரலிலிருந்தும் எதையும் வாங்க மாட்டேன் என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது தப்புக்காக இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனதற்காக.

நீ போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மோதிரம் மாறிப்போன அந்த இன்னொரு ஆள் யார் என்று யோசித்தேன். முகம் ஞாபகமில்லை. ஆனால் குடித்தது ஞாபகம் வந்தது. பீரில் பாதிக்குப் பாதி தக்காளிச் சாறு ஊற்றச் சொன்னவர். நம் ஊரில் எவன் அப்படிக் குடிப்பான்? நெப்ராஸ்காக்காரர்கள்தான். அந்த வாரம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டிக்கு வெளியூர் அணிகள் வந்திருந்தன. போட்டி நடந்த அரங்குக்குப் போன் போட்டு நெப்ராஸ்கா அணிகளின் தலைவர்கள் யார் யார் என்று விசாரித்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தக்காளி பீர் குடிக்கும் ஆள் உண்டா என்று கேட்டால், "எங்க எல்லாருமே அதத்தாம்மா குடிக்கறோம்" என்கிறார்கள்! ஸ்டாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "வெர்னா, நீ பேசாம போலீஸ்ல சேந்துடு" என்றான். நானும் விடவில்லை. மோதிரத்துக்குள் இருக்கும் வாசகத்தைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். கடைசியில் ஒருவர், "ஐயய்யோ, அது டாலியோட நக்கலாச்சே! ரோலண்டு பொண்டாட்டி" என்றார்.

ரோலண்ட் பிக் மாட்டுத் தீவனம் விற்கிறவர். அவரைப் போனில் கூப்பிட்டு, மோதிரத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்றேன். "இங்கான்னு ஏதோ பேரு இருக்கே!" என்றார். பிறகு பின்னாலிருந்து டாலியின் குரல் வந்தது. "அஞ்சு மாசமா எவளோ ஒருத்தி பேரக் கையில போட்டுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்திருந்தியா? கழட்டாதேன்னு எழுதி வச்சதே வேஸ்ட்டு. கழட்டிப் பாருன்னு எழுதியிருக்கணும்!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், ஹார்லன். இருவரும் போன ஞாயிற்றுக்கிழமை காரிலேயே வந்துவிட்டார்கள். டாலி பெரிய உடம்புக்காரி, பெரிய மனசுக்காரி. மோதிரத்தை மாற்றிக்கொண்டு, மீன் வறுவல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றதும்தான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ரோலண்ட் உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்த மனுசன் இதுக்கா போயிட்டாரு? அட, எங்க ஊர்ல இதச் சொல்லிச் சொல்லியே நான் பத்து வருசம் ஓட்டிருவேனே!" என்றார்.

திங்கட்கிழமை இங்காவின் பெயர் பொறித்த மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஹால்வர்சன் வீட்டுக்குப் போனேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார், அதுவும் கழுநீர் மாதிரி. மோதிரத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே இருந்த பெயரை வாசித்தார். மறுபடி வாசித்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? மோதிரத்தை என் உள்ளங்கையில் திருப்பி வைத்து விரல்களை மூடிவிட்டார். "நான் உங்கிட்டயாம்மா குடுத்தேன்? அவன்கிட்ட குடுத்தேன். அவனே வந்து தரட்டும்" என்றார். கோபமாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அன்று சட்டையைப் பிடித்தது தப்பு என்றும், அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் எழுந்து வாசல்வரை வந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஹார்லன்.

"இங்கா போனப்பறம் அன்னிக்குத்தாம்மா மொத மொதல்ல அதக் கழட்டினேன். கழட்டவே கூடாதுன்னு இருந்தவன். உம் புருசன் கேட்ட விதம் அப்படி, குடுத்துட்டேன். மூணும் கோத்துக்கிட்டுத் தொங்கினப்போ வாய்விட்டுச் சிரிச்சேன் பாரு, அந்தச் சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு. அப்பறம் இன்னும் சிரிக்கல. அவன வரச் சொல்லு. மோதிரத்தக் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ என்னை ஏமாத்தச் சொல்லு."

நேற்று வெள்ளிக்கிழமை. அவர் பாருக்கு வந்தார். உன் பச்சை விரிப்புக்கு எதிரே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்தார். மோதிர விரலில் வெள்ளையாக ஒரு வளையத் தடம் மட்டும். பக்கத்தில் இருந்தவர் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எம் மோதிரத்த வச்சிருக்கற ஆளுக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார். ஸ்டாஷ் அவருக்கு ஒரு பீரைத் தன் கணக்கில் ஊற்றினான். அடுத்த வெள்ளியும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆகையால் இது வேண்டுகோள் இல்லை, செய்தி. இங்காவின் மோதிரம் என் மேல்சட்டைப் பையில், ஊக்குக் குத்தி, பத்திரமாக இருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடமும் கொடுக்கும் உரிமை எனக்கில்லை. ஏரியில் எத்தனை மீன் இருந்தாலும் ஒன்றுகூட உனக்கு மோதிரம் இரவல் தரப் போவதில்லை. தபால் விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை உண்டு என்று டெல்மர் முன்பு சொன்னதாக ஞாபகம்.

கை வருமா என்று நீ பயப்படுவாய், தெரியும். வந்த அன்றைக்கு ஹால்வர்சனிடம் போக வேண்டாம். நம் சமையலறை மேசையில் முதலில் என்னிடம் கேள். சொந்த மனைவியிடம் மோதிரம் வாங்கினால் எவனும் நம்ப மாட்டான் என்று இத்தனை வருடமும் ஊரார் விரலையெல்லாம் கேட்டாய், என் விரலை மட்டும் கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேள். நடுங்கினால் நடுங்கட்டும். கீழே போட்டால் பொறுக்கிக்கொள்ளலாம். நான் கழற்றித் தருகிறேன், ஆனால் நீயே என் விரலில் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

கடவுள் உன் கைகளைக் காப்பாற்றட்டும். சீக்கிரம் வா.

என்றும் உன்,
வெர்னா.