பதினேழாம் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவின் முதுகுவலி தேவலையா? நான் எழுதுவதே இல்லை என்று திட்டுகிறாளாம். சாப்பிடவே நேரமில்லை என்று சொல்லுங்கள்.

நேற்று டர்பைனை முதல் தடவையாக ஓட்டினோம். நிமிடத்துக்கு 2,850 சுற்றைத் தொட்டதும் தரையே உதறியது. மூவாயிரத்தில் அது நாள் முழுக்க ஓட வேண்டிய மெஷின். இதை வடிவமைத்த உங்கள் அலுவலகக் கணக்குப்படி, இப்படி உலுக்கும் வேகம் 3,700 அல்லவா? ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு, "சார், பேப்பர்ல ஓடுற மெஷின் வேற போல" என்று சிரிக்கிறார். வடிவமைப்புக் கோப்பை அனுப்புங்கள். இருபதாம் தேதிக்குள், மெஷினை ஓட்டலாம் என்ற சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் மச்சினன்

மார்ச் 8

அன்புள்ள மச்சினனுக்கு,

கோப்பு இத்துடன் வருகிறது. புது மெஷின் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். அந்த வேகத்தில் நிற்காமல் சட்டென்று தாண்டிவிடு. ஆறு மாதம் கழித்துப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மேடையைப் பலப்படுத்திக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டுவிடு.

அக்கா சுகம். "அவன் எப்பவுமே சந்தேகப் பிராணிதான்" என்கிறாள்.

உன் அத்தான்

மார்ச் 12

அத்தான்,

தப்பாக நினைக்காதீர்கள். கோப்பில் மற்ற எல்லாத் தாளிலும் இரண்டு ஜோடித் துளைகள் இருக்கின்றன. நான் உங்களிடம் பயிற்சியில் இருந்தபோது பெரிய கோப்புக்கு மாற்றி, மறுபடி துளை போட்டோமே, அவை. பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஒரே ஜோடி. தேதி ஐந்து வருஷம் பழையது, மையோ பளபளக்கிறது.

பேரிங் மேடை துளிகூட அசையாது என்று வைத்துப் போட்ட கணக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. அசையும் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தேன், உலுக்கும் வேகம் 2,870 வருகிறது. மூவாயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் என்றால் எதைத் தாண்டுவது? உங்கள் கடிதத்தை இப்போது வரி வரியாகச் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். எதை மூடி மறைக்கிறீர்கள்? சுழலும் ரோட்டர் உடைந்தால் அதன் பக்கத்தில் நிற்பது என் ஆட்கள்.

மச்சினன்

மார்ச் 15

மச்சினனுக்கு,

மறைத்தது உண்மை. பழைய பதினேழாம் பக்கம் என் மேஜைக்குள் இருக்கிறது. அதில் இருப்பது உன் கையெழுத்து.

நீ பயிற்சிக்கு வந்த முதல் மாதம் போட்ட கணக்கு அது, உனக்கு மறந்திருக்கும். மேடையின் அசைவை நீ சேர்க்கவில்லை. மச்சினன் போட்டதாயிற்றே என்று நானும் சரிபார்க்காமல் விட்டேன். நீ கோப்பைக் கேட்ட அன்றுதான் கவனித்தேன். உன் வேலை போய்விடுமே என்று பதறி, அதே கணக்கை என் கையால் எழுதிச் சேர்த்தேன். வெளியே தெரிந்தால் என் தலையோடு போகட்டும். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம்தானே, கையெழுத்துப் போட்டுவிடப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அத்தான்

மார்ச் 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. நீராவி வால்வைப் பூட்டி, சாவியையும் உங்கள் கடிதத்தையும் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டேன். "சொந்த அத்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். கணக்கில் தப்பு செய்தது நான், தாளை மாற்றியது நீங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பழைய பக்கத்தைக் கிழித்துவிடாமல் கொண்டு வாருங்கள்.

அக்காவுக்கும் எல்லாவற்றையும் எழுதி, இதே தபாலில் போடுகிறேன். என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்பாள். இந்தத் தடவையாவது எனக்காகப் பேசாதீர்கள்.

உங்கள் மச்சினன்