அத்தாவின் ரத்தப் பரிசோதனையும் தப்பான கோட் நம்பரும்

ஜார்ஜ் டவுன்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஷஃபீக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளின் குளிரில் நீயும் மருமகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை ஷஹீராவும் சுகம். அத்தாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதறாமல் படி. போன வருஷத்திலிருந்து அத்தாவின் ரத்தத்தில் இருக்கக்கூடாத ஒரு புரோட்டீன் இருக்கிறது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் ஆகலாம், விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு பரிசோதனை. ஒன்று புரோட்டீனையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து கெட்டது எவ்வளவு என்று காட்டும், மற்றது அது எந்த வகை என்று சொல்லும். போன தடவை கொஞ்சம் ஏறியிருந்தது, மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிதான் அந்த நாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இன்றைக்கு அதை மீறிவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். நீ எடுத்துக்கொடுத்த இன்சூரன்ஸ், போன தடவை செய்த பரிசோதனைக்குப் பணம் தரமுடியாது, அது வெறும் செக்கப் என்று எழுதிவிட்டது. ஏன் தெரியுமா? அன்றைக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் மோகனா என்கிற பெண் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் சீனி முகம்மது நின்றார், அவர் மகனுக்குத்தான் ஷஹீராவைப் பேசியிருக்கிறோம். பெண் வீட்டில் நோய் என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும் என்று உன் அத்தாவுக்குப் பயம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்லம்மா, சும்மா செக்கப்லா" என்றார். அந்தப் பெண்ணும் டாக்டர் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் செக்கப்புக்கு உள்ள கோட் நம்பரைத் தட்டிவிட்டாள்.

அதோடு விட்டார்களா? இரண்டு பரிசோதனைக்கும் ஒரே கோட் நம்பர். இன்சூரன்ஸ்காரன் ஒன்றுக்கே இரண்டு பில் போட்டிருக்கிறீர்கள் என்கிறான். பாசாரில் மீன் விற்கிறவர்கூட விலை கூடிய தெங்கிரியையும் மலிவான கெம்போங்கையும் சேர்த்து நிறுக்கமாட்டார், இவர்களெல்லாம் படித்தவர்கள்! மூன்று தடவை போய் நின்றேன். "சிஸ்டத்துல ஏறிடுச்சு ஆண்ட்டி, இன்சூரன்ஸக் கேளுங்க" என்றாள் மோகனா. இன்சூரன்ஸுக்குப் போன் செய்தால் அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொல்கிறார்கள். என்னைப் பந்தாடிவிட்டார்கள் மகனே. நேற்று பொறுக்கமுடியாமல், சீட்டில் நோயின் பெயர் இருக்கிறதே, அதைப் படிக்க உங்களில் ஒருவருக்குக்கூடவா கண் இல்லை என்று கவுண்டரிலேயே கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு ஆபிசர் எழுந்து வந்தார். இரண்டு கோட் நம்பரையும் தனித்தனியாகப் போட்டு, டாக்டர் கடிதத்தையும் வைத்து, திருத்தக் கேட்கும் விண்ணப்பப் பாரத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். இன்சூரன்ஸ் உன் பெயரில் இருப்பதால் நீதான் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

இவர்களைவிட உன் அத்தாமேல்தான் எனக்குக் கோபம். பணம் மறுத்தது அவருக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. "மகன் காச கரைக்கமாட்டேன், நிக்காஹ் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜுருவில் இருக்கும் கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நிக்காஹ்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை நோய் காத்திருக்குமா? ஷஹீராவிடமும் சொல்லிவிட்டேன். அழுது முடித்துவிட்டு, "அவங்க வேணாம்னா போகட்டும்மா, எனக்கு அத்தாதான் வேணும்" என்றாள். வெள்ளிக்கிழமை சீனி முகம்மது வீட்டுக்கு நானே போய்ச் சொல்லப்போகிறேன். இன்சூரன்ஸ் சரி என்று சொல்லிவிட்டால் உன் அத்தாவுக்கு வேறு சாக்கில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

அந்தப் பாரம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இடத்தில் கையெழுத்து, மறந்துவிடாதே. படம் எடுத்து ஷஹீரா போனுக்கு அனுப்பு, பாரத்தைக் கூரியரில் போடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் நினைத்துக்கொள். அத்தா இல்லாவிட்டால் ஷஹீராவின் நிக்காஹ்வில் தகப்பன் இடத்தில் வலீயாக உட்கார்ந்து அவளைக் கொடுக்கவேண்டியவன் நீதான். அந்த இடத்தில் உன்னைப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் ஆசையில்லை.

துஆவுடன்,
உன் அம்மா
ரொஸ்னா