பாதிக் களி

ஐப்பசி, செவ்வாய்

பைப்புக்கிட்ட தண்ணித் தொட்டியில காட்டுமாடு விழுந்துச்சே, அந்த வருசந்தான் இது. நாகலூர்ல காலையிலிருந்து மழை. எழுத்து தெரியாது, செல்லுல மைக்கை அமுக்கிப் பேசறேன், அதுவே எழுதிக்குது.

நஞ்சம்மாளுக்குக் கண்ணுல புரை. வெள்ளிக்கிழமை சேலத்துல ஆப்பரேசன். கூட ஒரு ஆளுதான் வரலாமாம். புதுச் சட்டை எடுத்து வெச்சேன். கட்டின பொண்டாட்டி, என்னைய விட்டுட்டு ரைட்டரைக் கூப்பிட்டுட்டா. எஸ்டேட் ஆபீஸ்ல எங்க பேரு, கூலியெல்லாம் எழுதின பழைய ரைட்டர். அவன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல.

"ஏனுங்க, உங்களுக்குப் போர்டு படிக்கத் தெரியாதுங்களே. நீங்க தொலைஞ்சா ஒத்தைக் கண்ணோட நான் எங்கீங்க தேடறது?"

நாயந்தான். அதான் எரியுது.

புதன்

மழை விட்டுச்சு. சாஞ்ச மிளகுக் கொடி கட்டினேன். ரைட்டர் வந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டுல 'அக்கம்பனி'ன்னு போட்டிருக்காம். கூடப் போறதாம். அதோட விட்டானா? பாட்டுக்காரனுக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறதும் அதுதானாம். கம்பெனிங்கறது அதுக்குப் பங்காளியாம்.

"மூலம் என்னன்னா பெருமாளண்ணா, இங்கிலீசுக்கும் முந்தின பாசைங்க. ஒரே ரொட்டியைச் சேந்து தின்னவங்களுக்கு வெச்ச பேரு."

நஞ்சம்மா சிரிக்கறா. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு நொம்ப நாளாச்சு.

ரொட்டியாம்.

நொம்ப வருசத்துக்கு முந்தி, நாங்க எஸ்டேட்ல வேலை செஞ்சப்ப, மண் சரிஞ்சு மலைக்குப் பஸ் வராத நாளு. மத்தியானம் சில்வர் ஓக் மரத்தடியில எல்லாருமா சோத்துப் போசியை நடுவுல வெச்சுப் பங்கு போட்டுத் திம்போம். ரைட்டர் உக்கார மாட்டான், ஆபீஸ் மனுசன். கீழிருந்து பஸ்ல சோறு வரும் அவனுக்கு. அன்னிக்கு வரல. நஞ்சம்மா எந்திரிச்சுப் போயி, களியில பாதியைப் பிட்டு அவன் கையில வெச்சா. எங்களுக்குக் கண்ணாலம் ஆகி வருசம்கூடத் திரும்பல. அந்தக் களி எனக்கு இன்னும் செரிக்கல.

அவன் சொன்ன அர்த்தப்படி பாத்தா, கூடப் போகவேண்டியவன் அவன்தான்.

வெள்ளி

விடியக்கருக்கல்ல நானே களி கிண்டினேன். போசியில ஒரே உருண்டை, அவளுக்கு மட்டும். அவன் ஓட்டல்ல தின்னட்டும். பஸ் ஏத்திவிட்டேன். சன்னலோரம் அவ, பக்கத்துல அவன்.

பகல்பூரா வேலை ஓடல. நாய்க்குக் கஞ்சி ஊத்த மறந்துட்டேன்.

பொழுது சாய வந்தா. கறுப்புக் கண்ணாடி.

"சாப்பிட்டயா?"

"பாதிங்க. அவருக்குச் சர்க்கரை நோவு இருக்குதில்லைங்களா, ஓட்டல் சோறு ஆகாது. பட்டினியா உக்காந்திருந்தாரு. பிட்டுக் குடுத்தேன். உப்பு கம்மின்னாருங்க."

மறுபடி பாதி. அதுவும் நான் கிண்டினது.

அடுத்த வெள்ளி

கண்ணைக் காட்ட வரச் சொன்ன நாள். மூணு உருண்டை, உப்பு தூக்கலா. உள்ள விடலைன்னா வாசல்ல நிக்கிறேன்னு நானும் பஸ் ஏறிட்டேன். சன்னலோரம் அவ, பக்கத்துல நான். அவன் கம்பியப் புடிச்சு நின்னான்.

ஆஸ்பத்திரி வெளிய வேப்பமரத்தடி. போசி நடுவுல. அவனும் தரையில உக்காந்தான். இந்த வாட்டி உப்பு சரின்னான். நான் கேக்கல.

அந்த ஓக் மரத்தடி ஆளுகள்ல இன்னும் யாரு இருக்காங்கன்னு நஞ்சம்மா கேட்டா. பழனியம்மா போயிட்டா. கங்காணி ராமன், அவன் தம்பி, ரெண்டு பேரும் போயிட்டாங்க. மாராயி போன தையில.

மீதி நான். இவ. அப்புறம், வையாபுரி.