பெரட்டில் கூப்பிட்ட பேர்

14.3.1983

இன்று காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கிறோம். கங்காணி என் வீட்டுக்காரர்தானே, ஆள் ஆளாகப் பேர் கூப்பிட்டு வந்தவர் "அர்ஜுனன்" என்றார். அவன் எங்கள் பிள்ளை; ரிங்லெட் ரோட்டு வளைவில் லாரி கவிழ்ந்து செத்து வருஷம் திரும்பிவிட்டது. "எங்கடா போய்த் தொலைஞ்சான்?" என்று மறுபடியும் கூப்பிட்டார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து அவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். தேயிலைக் கொழுந்து கண்ணுக்குத் தெரியவில்லை.

15.3

பக்கத்து வீட்டு மணியம்மா சொல்கிறாள், "ஒம் புள்ளதான் அப்பன்மேல எறங்கியிருக்கான்."

எனக்குப் பயமாக இல்லை. வந்துவிட்டானா?

2.4

அவருக்குக் கங்காணி வேலை இனி இல்லை.

அர்ஜுனனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் வைத்து அவருக்குப் போட்டேன். "சாப்புடுய்யா அர்ஜுனா" என்றேன். கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏன் புள்ள, ஒனக்கு என்ன ஆச்சு?"

20.5

கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரசர் சிங்காரம் துணைக்கு வந்தார். டாக்டர் இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். பேசும்போது எங்களைப் பார்க்கவில்லை. வெளியே வந்து டிரசர் சொன்னது இதுதான்: "மனசு சரியில்ல லா. மாத்திரை போடட்டும். சாமிய கும்புடுங்க."

அத்தனை பேச்சுக்கும் இவ்வளவுதானா?

26.6

முனியாண்டி கோயிலில் பூசை போட்டோம். பூசாரி வேப்பிலையால் அடித்தார். இவர் அழுதார். அர்ஜுனன் ஒரு வார்த்தை பேசவில்லை.

11.8

அடுப்பில் வெறும் சட்டி கருகிக் கிடக்கு. அவர் ரோட்டில் நிக்கிறார், சட்டை இல்லாம, இந்தக் குளிர்ல. மாத்திரை போட்டும் ஏன் கொறையல? நான்தான் சரியா கும்புடலியா? யாரப் போய்க் கேக்குறது — என்னால முடியல.

6.9

மறுபடி ஆஸ்பத்திரி. டிரசர் வரவில்லை. திலகம் என்று ஒரு நர்ஸ், டாக்டர் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள். நாற்காலியை அவருக்கு நேர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு மறதி வியாதி. மூளை கொஞ்சங்கொஞ்சமா தேயுது. இதுக்கு மருந்து இல்ல. இன்னும் கூடும். நீங்க வேணும்னு எதுவும் செய்யல. பேய் பிசாசும் இல்ல."

"நான் பைத்தியமில்லியே?"

"இல்லண்ணே."

விறைத்தே கிடந்த அவர் தோள் இறங்கியது.

நான்தான் கேட்டேன், "அப்ப எம் புள்ள வரலியா?"

"வரலக்கா."

கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவன் மறுபடியும் செத்தான்.

7.9

விடிந்ததும் கேட்கிறார், "எனக்கு என்ன செய்யுது புள்ள?" நேற்றுச் சொன்னதெல்லாம் போய்விட்டது. மறுபடியும் சொல்லிப் புண்ணாக்குவானேன்? "ஒண்ணுமில்ல" என்றேன். பொழுது சாயும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

டிரசரும் எனக்கு இதைத்தானே செய்தார்?

8.9

சொல்லிவிட்டேன்.

19.11

கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன், திலகம் மாதிரி முன்னால் உட்கார்ந்து. இன்றும் சொன்னேன். அர்ஜுனன் எங்கே என்றார். அதையும் சொன்னேன். கொஞ்சம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பைத்தியமில்லியே?"

"இல்லங்க."

"நல்லா புரியிற மாதிரி சொல்றீங்க. நீங்க இங்க நர்ஸாம்மா?"

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொடுத்தேன்.