முந்நூறு பக்கத்தில் ஒரு சண்டை இல்லை

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதிய இடைவேளை. பக்கத்துப் புத்தகக் கடையில் ‘குன்றின் மேல் குருதி’ என்றொரு போர் வரலாறு. அட்டையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். அண்ணன் செத்த அதே குன்று, அதே வருடம். வாங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 6
எண்பது பக்கம். ஜல்லி, தார், வெடி வைத்துப் பாறை பிளப்பது என்று ராணுவம் குன்றுக்குச் சாலை போட்ட கதையாகவே போகிறது. சண்டை எப்போது வரும்?

மார்ச் 7
வரவில்லை.

மார்ச் 9
முடித்துவிட்டேன். எதிரி என்று ஒருவன்கூட இல்லை. கடைசி அத்தியாயத்தில் மண்சரிவு. சாலை போட்ட களைப்பில் கூடாரத்தில் படுத்திருந்த ஒன்பது பேர் புதைந்துபோனார்கள். தேதி — அண்ணனின் தேதி.
ராணுவக் கடிதத்தில் ‘போரில் வீரமரணம்’ என்றல்லவா இருந்தது? பொய் சொல்வது தலைப்பா, கடிதமா? இன்று ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 12
நூலாசிரியருக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர்.
“தலைப்பு நான் வச்சதில்லம்மா. ரோடு போட்ட கதைன்னா எவன் வாங்குவான்னு பதிப்பாளர் மாத்திட்டார். ஏமாந்தவங்க எல்லாம் என்னத்தான் திட்டுறாங்க.”
அண்ணன் பெயரைச் சொன்னேன்.
“அங்க சண்டையே நடக்கலம்மா. மண்ணத் தோண்டி அவங்கள வெளிய எடுத்தவன் நான்.”

மார்ச் 13
அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லாம விட்டா? மறைக்க நான் யாரு? ஐயோ, ஒண்ணுமே ஓடல.

மார்ச் 15
அம்மாவே புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். படிக்கச் சொன்னாள். மண்சரிவு வரை படித்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன்.
“அப்ப அவன் கையால யாரும் சாகலையா?”
“இல்லம்மா.”
“நல்லாப் பாத்துச் சொல்லுடி.”
மறுபடி புரட்டினேன். “இல்லம்மா.”
“இருபத்திரண்டு வருஷமா இத யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலடி.”
எனக்கு அது தோன்றவே இல்லையே. இத்தனை நாள் யாரோடு வாழ்ந்தேன்?

மார்ச் 16
கடிதத்தின் மேல் கோபம் வருகிறது. அம்மாவுக்கு ஏன் வரவில்லை?

ஏப்ரல் 18
அந்தச் சாலையில் இப்போது பேருந்து ஓடுகிறது. இன்று போனோம். அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை. குன்று ஏறி முடியும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
“கொஞ்சங்கூடக் குலுக்கலடி.”